ஷிப்ட் முடிந்தபின் திறக்கும் வகுப்பறை

குன்றத்தூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தங்கி, ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் பணிபுரியும் டிப்ளமோ இளைஞர்களுக்கு, குறித்த நேரத்தில் நடக்கும் மாலைநேரக் கல்லூரிகூட எளிதில் எட்டுவதில்லை. மேற்படிப்பை நாடும் இத்தகையோருக்கு, விரும்பிய நேரத்தில் காணத்தக்க பதிவுசெய்த விரிவுரையே பெரும்பாலும் திறந்திருக்கும் வழியாகும்.

இவ்வழிக்கு இந்தியாவில் அடித்தளமிட்டது, ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டம். தொடக்கத்தில் விரிவுரைகளை இலவசமாக வழங்குவதோடு நின்ற இத்திட்டம், 2014 முதல் வாராந்திரப் பயிற்சித்தாள்களையும் மையத்தில் நேரில் எழுதும் தேர்வையும் சேர்த்துச் சான்றிதழ் வழங்கலாயிற்று. 2017-இல் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் இசைவளித்தது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பிலும், விரிவுரைகள் இணையத்தில் கிடைத்தாலும் தேர்வுகள் நேரில்தான் நடக்கின்றன.

விரிவுரை எவ்வளவு நேரம் நீளலாம் என்ற வினாவுக்கு, எட்எக்ஸ் என்னும் இணையவழிப் பாடத் தளத்தின் ஏறத்தாழ 69 லட்சம் பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு விடை தருகிறது. காணொளி எவ்வளவு நீளமாயினும், அதில் மாணவர் செலவிடும் இடைநிலை நேரம், அதாவது சரிபாதிப் பார்வைகள் எட்டாத நேரம், ஆறு நிமிடங்களைத் தாண்டவில்லை. ஆகவே ஒரு மணிநேர வகுப்பை அப்படியே படம்பிடிப்பதைவிட, ஒவ்வொரு கருத்தையும் தனித்தனிக் குறும்பாடமாக்கி, இடையிடையே வினாக்களை வைப்பதே பயன்தரும்.

நிறுத்தவும் மீண்டும் கேட்கவும் இடமளிக்கும் காணொளியால், மாணவரின் முகத்தைப் பார்த்து ஐயத்தை உணர முடிவதில்லை. கேட்டது பழகிவிட்டதாலேயே புரிந்துவிட்டதாக அவர் எண்ணிவிடவும் கூடும். வீட்டில் விரிவுரையைக் கண்டு, கூடும் நேரத்தைக் கணக்கிடுதலுக்கும் விவாதத்துக்கும் ஒதுக்கும் தலைகீழ் வகுப்பறை முறை இக்குறையை ஈடுசெய்ய வல்லது. எனவே இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகள், ஷிப்ட் மாற்றத்தை அனுசரித்து ஞாயிறுதோறும் தமிழில் ஐயம் தீர்க்கும் வகுப்புகளை நடத்தவும், தொழிற்சாலைகள் தேர்வுநாளில் விடுப்பு அளிக்கவும் முன்வர வேண்டும். பதிவுசெய்த பாடம் ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அந்த நேரம் மாணவரின் கேள்விகளுக்கே திரும்பக் கிடைத்தால்தான் இம்முறை கல்வி என்னும் பெயருக்கு உரியதாகும்.