இசக்கியும் பிலவ்டும்: நீதிமன்றம் ஏறாத சாட்சியங்கள்

பேய் ஏன் பெண்களையே பிடிக்கிறது? அவர்களிலும் தலித் பெண்களையே ஏன் தேடிவருகிறது? பாமாவின் ‘சங்கதி’ (1994) இதை நேராகவே கேட்கிறது. காட்டு வேலை, வீட்டு வேலை, கணவனின் அடி, ஓய்வறியாத உடல் என்று விடையும் தருகிறது. ஊரின் நம்பிக்கையைக் கேலி செய்து கடந்துபோகாமல், அதன் அடியில் கிடக்கும் வன்முறையைத் தோண்டி எடுப்பதே அந்நூலின் வலிமை.

அதில் வரும் இசக்கி, ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை. வண்ணார் சாதி இளைஞனை விரும்பியதற்காக, கருவுற்ற நிலையில் அவர்களாலேயே கொல்லப்படுகிறாள். பேயாகிப் பிற பெண்கள்மேல் இறங்குகிறாள். இன்றைய மொழியில் இது சாதி ஆணவக்கொலை. முதல் தகவல் அறிக்கை இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. கொல்லப்பட்டவளே உயிரோடிருக்கும் பெண்களின் வாய்வழியாகத் தன் வழக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த பெண் எழுத்தாளர்களிடமும் இத்தகைய பேயைக் காண்கிறோம். டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலுக்குத் தூண்டுதல் ஓர் உண்மை வழக்கு. 1856இல் கென்டக்கியிலிருந்து தப்பிய மார்கரெட் கார்னர், சின்சினாட்டியில் பிடிபட்டபோது, மகள் மீண்டும் அடிமையாகக் கூடாதென்று அவளைக் கொன்றார். அவரைக் கொலைக்காக விசாரிப்பதா, உடைமையாக எசமானிடம் ஒப்படைப்பதா என்று வாதம் நடந்தது. கொலைக்காக விசாரித்திருந்தால், அவர் மனிதர் என்பதையாவது சட்டம் ஒப்புக்கொண்டிருக்கும். 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டமே வென்றது. நாவலில் அக்குழந்தை பேயாகத் திரும்புகிறது. அதை வெளியேற்றுவது பூசாரி அல்ல. திரண்டுவந்து பாடும் அக்கம்பக்கத்துப் பெண்கள்.

டோனி கேட் பம்பாராவின் ‘தி சால்ட் ஈட்டர்ஸ்’ (1980) இயக்கத்தார் தவறாமல் வாசிக்க வேண்டிய நாவல். நாயகி வெல்மா சிவில் உரிமைப் போராளி. ஆண் தலைவர்கள் மேடையில் இருக்க, வேலையெல்லாம் பெண்கள் தலையில் விழுகிறது. சோர்ந்துபோன வெல்மா தற்கொலைக்கு முயல்கிறார். மருத்துவர்கள் சூழ்ந்து பார்த்திருக்க, மின்னி ரான்சம் என்னும் மூதாட்டி அவரைக் குணப்படுத்துகிறார். குணமாக உண்மையிலேயே விருப்பமா என்றுதான் முதலில் கேட்கிறார். நம் அமைப்புகளில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

இக்கதைகளை எண்ணூரில் வைத்து வாசித்தால் வேறொன்றும் புலப்படுகிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தது. நெட்டுக்குப்பம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களின் பிழைப்பு நின்றது. அரசு நிவாரணம், பிழைப்பிழந்த குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் எனக் கணக்கிட்டது. கையால் இறால் தடவும் பெண்ணும் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்ணும் ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் கரைந்தனர். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலுக்கு மருத்துவச் சான்று பெறலாம். அதன்பின் இரவுதோறும் வரும் அச்சத்துக்குச் சான்று எங்கே பெறுவது? ஆடியில் கூழ் வார்க்கும்போது அருள் வந்த பெண் பேசினால், ஊர் நின்று கேட்கிறது. வேறெந்த அவையிலும் அவளுக்கு அந்த இடம் வாய்ப்பதில்லை.

ஆயினும் பேயோட்டும் கோடாங்கியின் கையிலிருக்கும் சாட்டையை நாம் மறந்துவிட முடியாது. அருள் வந்த பெண்ணின் பேச்சைக் கேட்பது வேறு. பேயோட்டுவதாகச் சொல்லி அவளை அடிப்பது வேறு. அந்த அடியை வழிபாட்டுரிமை காக்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 115ஆம் பிரிவின்படி அது காயம் விளைவித்த குற்றமே. காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம்.