எழுந்தால் வரும் தலைவலி

கொச்சியில், மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடி போன்ற நெருக்கமான தெருக்களில், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பிரசவ ரட்சை செய்யும் பழக்கம் உள்ள வீடு ஒன்றில், அவள் "எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் விட்டுவிடுகிறது" என்று சொல்வாளாயின், அதைத் தூக்கக் குறைவென்றும் பலவீனமென்றும் ஒதுக்காமல், பிரசவ வலிக்காக முதுகில் ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்கு உடனே தெரிவிப்பது வீட்டாரின் கடமையாகும்.

மூளையையும் தண்டுவடத்தையும் மூடியுள்ள டியூரா என்னும் உறைக்குள் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. பிரசவ வலிக்காக முதுகில் போடும் எபிடூரல் ஊசி அவ்வுறைக்கு வெளியே நின்றுவிட வேண்டியது. ஆயினும் மெல்லிய குழாயொன்றை அதன் வழியே செலுத்த வேண்டியிருப்பதால் பருமனாகவே அமைந்த அந்த ஊசி, எத்தனை தேர்ந்த கையிலும், ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு உறையைத் துளைத்துவிடுகிறது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இத்தலைவலிக்கு ஆளாகிறார்கள். நீர் கசியக் கசிய மூளை தன் ஆதாரத்தை இழந்து, நிமிர்ந்த நிலையில் கீழ்நோக்கி இழுபடுகிறது. குறைந்த நீரை ஈடுசெய்ய இரத்தக் குழாய்களும் விரிகின்றன. தலையணையை எடுத்துவிட்டு நாள் முழுவதும் மல்லாக்கக் கிடத்துவதால் இத்தலைவலி தடுக்கப்படுவதில்லை.

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் என்ற அறுவை வைத்தியர், முதுகுத்தண்டு மயக்க முறையைத் தம் சரீரத்திலேயே பரீட்சித்தபோது, பீச்சாங்குழல் ஊசியோடு பொருந்தாமல் நீர் வழிந்தோட, ஒன்பது நாள் இதே வேதனையை அனுபவித்தார். பரிகாரம் பிறக்கவோ அறுபதாண்டுகளுக்கு மேலாயிற்று. ஊசி குத்துகையில் இரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாயிருந்ததைக் கவனித்த அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் கோர்ம்லி, 1960-இல் நோயாளியின் சொந்த இரத்தத்தையே சிறிதளவு உறைக்கு வெளியே செலுத்திப் பார்த்தார். அந்தக் கூர்ந்த பார்வையை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1970-இல் டிஜியோவான்னி, டன்பார் என்ற வைத்தியர்கள் இரத்தத்தின் அளவை 10 மில்லிலிட்டராக்கி இதை நிலைநிறுத்தினர்.

இன்று கையிலிருந்து சுத்தமாக எடுத்த 15 முதல் 20 மில்லிலிட்டர் இரத்தத்தை, பழைய துளைக்கு அருகில் மெதுவாகச் செலுத்துகிறார்கள். அதன் அழுத்தத்தால் மூளையைச் சூழ்ந்த நீர் உடனே மேலேறுகிறது; பின்னர் அந்த இரத்தம் உறைந்து துளையை அடைக்கிறது. பெரும்பாலோர்க்கு விரைவிலேயே சுகம் கிடைக்கிறது. சிலருக்கு மறுமுறையும் வேண்டியிருக்கும். காய்ச்சலோ, இரத்தம் உறைவதில் கோளாறோ உள்ளவர்களுக்கு இதைச் செய்வதில்லை. லேசான வலிக்குக் காப்பியும் வலிமாத்திரையும் ஓரளவு போதும். பலருக்கு இரண்டு வாரத்தில் தானே தணிந்துவிடும். ஆனால் குழந்தையைத் தூக்கிப் பாலூட்ட வேண்டியவளை அத்தனை நாள் படுக்கையில் காத்திருக்கச் சொல்வது நியாயமன்று.

படுத்தும் குறையாத வலி, வலிப்பு, காய்ச்சல், மங்கிய பார்வை ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் மூளைச் சிரையில் இரத்தக்கட்டு போன்ற வேறு அபாயம் இருக்கக்கூடும். அப்போது விடியும்வரை காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.