வேப்பிலை யாருக்குச் சொந்தம்? வீட்டுக்காரருக்கா... மாநகராட்சிக்கா?

மாசி பிறந்தால் போதும். சென்னைத் தெருக்களில் வேம்பும் அரசும் பாதாமும் போட்டி போட்டுக்கொண்டு இலையைக் கொட்ட ஆரம்பித்துவிடும். காலையில் பெருக்கிய வாசலில் மத்தியானம் மறுபடி குப்பை!

இந்த இலையை அள்ள வேண்டியது யார்? அள்ளுகிற செலவு யார் தலையில்? ரிப்பன் மாளிகை ஒரு முடிவு கட்டியே தீர வேண்டிய கேள்வி இது.

வண்டியில் இடமில்லை

வீட்டு வாசலுக்கு வருகிற பேட்டரி வண்டி சின்ன வண்டி. சமையல் குப்பைக்கும் காகிதம், பிளாஸ்டிக்குக்கும் வைத்த டப்பாக்கள் அதில் உண்டு. ஒரு தென்னை மட்டையை ஏற்றினால் வண்டி முழுக்க அடைத்துக்கொள்ளும். "இதெல்லாம் ஏத்த முடியாதும்மா, லாரி வரும்போது போடுங்க" என்பது தெருவுக்குத் தெரு கேட்கிற பேச்சு.

லாரி வரும் நாள் தெரிந்த தெருவில் பிரச்சினை இல்லை. தெரியாத தெருவில்தான் கூத்து. மட்டையும் கிளையும் ராத்திரியோடு ராத்திரியாக மூலைக்குப் போய்ச் சேர்கின்றன. யாராவது தீக்குச்சியைக் கிழித்துப் போடுகிறார்கள். எரியாமல் மிஞ்சியது மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதுதான் அந்த இலை ஞாபகத்துக்கு வருகிறது!

சட்டம் என்ன சொல்லிற்று?

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு விதிகள் இதில் இரண்டு பக்கத்துக்கும் வேலை வைத்தன. தோட்டக் குப்பையை வீட்டுக்காரர் தன் இடத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும். உள்ளாட்சி அதைத் தனியாக எடுக்க வேண்டும். பூங்காவில் விழுந்ததைக் கூடியவரை பூங்காவிலேயே உரமாக்க வேண்டும்.

கொளுத்துவதோ, கூடவே கூடாது. திறந்த வெளியில் குப்பையை எரித்தால் ரூ.5,000, பெரிய அளவில் எரித்தால் ரூ.25,000 அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது.

காசு கேட்டால்?

"கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் தோட்டக் குப்பைக்குத் தனிக் கட்டணம் வாங்க உள்ளாட்சிகளுக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. பர்மிங்காம் மாநகராட்சி 2014-ல் ஆண்டுக்கு 35 பவுன் என்று வைத்தது.

ஆனால் அங்கே தோட்டம் என்றால் வேலி போட்ட சொந்தத் தோட்டம். இங்கே இலை உதிர்க்கிற மரம் நடைபாதையிலும் நிற்கிறது! தெரு மரத்தின் இலைக்கு வாசல்காரரிடம் காசு கேட்டால் யார் கொடுப்பார்? குப்பைக்குக் கட்டணம் என்று சென்னையில் 2020 கடைசியில் அறிவித்ததும், எதிர்ப்பு வந்து அது நிறுத்தி வைக்கப்பட்டதும் ஊர் அறிந்த கதை.

காசுக்குப் பயந்து ஜனங்கள் இன்னொரு வழியும் கண்டுபிடிப்பார்கள். அதுதான் ஆபத்து. "இலைதானே தொல்லை, மரத்தையே எடுத்துட்டா?" என்று கோடரி தேடுவார்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் பறிகொடுத்த ஊர் இது. மிச்சமிருப்பதையும் இலைக்கு அஞ்சி இழக்க வேண்டுமா?

நிழல் ஒரு பக்கம், புகை ஒரு பக்கம்

இலவசமாக எல்லாவற்றையும் லாரியில் அள்ளிவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. காய்ந்த இலை எடையில்லாத சரக்கு. லாரி நிரம்பிவிடும், ஆனால் பாதி காற்று! டீசல் மட்டும் குறையாது.

அப்படி அள்ளியது எங்கே போகும்? அண்ணா நகர் குப்பை கொடுங்கையூருக்கும் அடையாறு குப்பை பெருங்குடிக்கும் போனது பல்லாண்டு வழக்கம். நிழல் ஒரு பேட்டைக்கு, நாற்றமும் புகையும் இன்னொரு பேட்டைக்கு! 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்தது. சுற்றி இருந்தவர்கள் புகையில் திணறினார்கள்.

தெருவிலேயே தீர்வு

இலையோடு சமையல் குப்பையைக் கலந்து, சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் அவ்வப்போது கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் உரம். கிளறக்கூட நேரமில்லையா? செடியின் காலடியில் மூடாக்காகப் போட்டாலே போதும். மண் ஈரம் நிற்கும். தென்னை மட்டையும் கிளையும் மட்டும் இயந்திரத்தில் அரைபட வேண்டும். லாரி வேண்டியது அதற்குத்தான்.

"எங்க வீட்டு எதிர்ல குழி வேணாம், நாத்தம் வரும், கொசு வரும்" என்ற எதிர்ப்பு வரத்தான் செய்யும். அதில் நியாயமும் உண்டு. கவனிக்க ஆளில்லாத குழி நாறத்தான் நாறும். ஆகவே குழிக்கு ஒரு ஆள், ஆளுக்குச் சரியான சம்பளம். இரண்டும் இல்லாவிட்டால் திட்டம் காகிதத்தோடு சரி. விடியலில் துடைப்பத்தோடு வருகிற தூய்மைப் பணியாளர் தலையிலேயே இதையும் கட்டிவிட்டால் அது தீர்வாகாது.

மாநகராட்சி செய்ய வேண்டியது மூன்றுதான். மட்டை லாரி வரும் கிழமையைத் தெருவுக்குத் தெரு எழுதி வைக்க வேண்டும். பூங்கா உள்ள வார்டில் இலையை வெளியே அனுப்பக் கூடாது. தெரு மரத்தின் இலைக்கு யாரிடமும் காசு கேட்கக் கூடாது. பெரிய தோட்டம் வைத்திருக்கிற பங்களாவும் அடுக்குமாடிக் குடியிருப்பும் தங்கள் குப்பைக்குத் தாங்களே பொறுப்பு ஏற்கட்டும்.

2016-ல் 'தனியாக எடு' என்று சொன்ன விதி வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் 2022-ல் கூட ஆரம்பித்தன. தெரு விளக்கையும் குடிநீரையும் பேசுகிற அந்தக் கூட்டத்தில் இலையையும் பேசலாமே! கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எங்க தெருவுக்கு மட்டை லாரி என்னைக்கு வரும்?"

பதில் வருமா? அடுத்த மாசிக்குள் வந்தால் மரங்களுக்கு நல்லது.