கத்தியை அறிந்தவர் யார்?

கண்டிக்குச் சென்று திரும்பிய நண்பரொருவர், அங்கு வாங்கிய அலங்காரக் கத்தியொன்றை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டி மகிழ்ந்தார். பித்தளைப் பூவேலையும் கொம்புப் பிடியும் கண்ணைப் பறித்தன. நாமும் மனமாரப் பாராட்டினோம். அவ்வேளை கொப்பிகளுடன் வந்த மாணவன் ஒருவன் அதனைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"கூரிலே வெள்ளைக் கோடு தெரியுது, சேர். இது வெட்டாது" என்றான்.

நண்பரின் முகம் சுருங்கிற்று. ஆனால் பையன் சொன்னது உண்மையே. நன்றாகத் தீட்டிய விளிம்பு கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியது. மழுங்கிய விளிம்போ ஒளியை வாங்கி வெண்கோடாக மினுங்கும்.

நண்பரின் கத்தியையும் இகழ்வதற்கில்லை. அது ஒரு பெருமரபின் எளிய பிரதி. கண்டியரசர் காலத்துக் கைவினைஞர் செய்த 'பிஹா கெத்த' என்னும் கத்திகள் இன்றும் அரும்பொருட்சாலைகளில் உள்ளன. ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மத்தியகால சிங்களக் கலை' என்னும் பெருநூலில் அக்கைவினைஞரின் தொழில்களை விரித்துரைத்தார். (கலையை ஆராயப் புகுமுன் அவர் பாறைகளையும் கனிப்பொருள்களையும் ஆராய்ந்தவர் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.) அக்கத்திகள் சிலவற்றின் உறையிலேயே எழுத்தாணியும் செருகியிருக்கும். வெள்ளிக் கொடியும் பித்தளைப் பூவும் பிடியிலும் அலகின் அடியிலும் படர்ந்து நிற்க, வெட்டும் விளிம்பு மட்டும் வெறும் உருக்காகவே விடப்பட்டிருக்கும்.

அந்த உருக்கின் கதை இன்னும் பழையது. நமது ஊவா மாகாணத்துக்கு அயலில், பலாங்கொடைப் பகுதியைச் சேர்ந்த சமனலவெவ மலைச்சரிவுகளில், மேற்கு நோக்கிய உலைகள் பலவற்றின் எச்சங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே துருத்தியின்றி, தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே இரும்பு உருக்கினர் என்பதைக் கில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் 1996இல் வெளியிட்டார். அதே முறையில் உலை கட்டி மூட்டிப் பார்த்தபோது, கரிச்சத்து மிகுந்த உருக்கும் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதுகையில் இலங்கை உருக்கையும் குறிப்பிட்டுள்ளார்.

கரிச்சத்து கூடினால் கத்தி கடினமாகும். அளவு மீறினால் நொறுங்கும். தோய்ச்சல் பிழைத்தாலும் அப்படியே. எனவே 'நல்ல கத்தி எது?' என்று கேட்பவனிடம் 'எதை வெட்ட?' என்று திருப்பிக் கேட்பவரையே நாம் கத்தி அறிந்தவர் என்போம். பதுளைத் தோட்டங்களின் கவ்வாத்துக் கத்தி, தேயிலைக் கிளையைப் பிளக்காமல் ஒரே வீச்சில் சரிவாய் அரிய வேண்டும். மொனராகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களின் கத்திக்கு வேலை வேறு.

அதைக் காணவே அடுத்த சனிக்கிழமை விடியுமுன் அம்மாணவனின் தாயார் வேலை செய்யும் மலைக்குச் சென்றோம். பையன் வேண்டா வெறுப்பாகவே அழைத்துச் சென்றான். தாயின் தொழிலைப் பற்றி வகுப்பில் ஒருநாளும் வாய் திறவாதவன் அவன்.

இறப்பர் 1876இல் இந்நாட்டுக்கு வந்தது. முதலில் மரத்தைக் கொத்திக் காயப்படுத்தியே பால் எடுத்தனர். சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் ரிட்லி என்பவர்தாம், ஒரே வெட்டின் விளிம்பை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவும் முறையை வகுத்தார். பாற்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில் செறிந்துள்ளன. அதற்கும் உள்ளே, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய படை. கத்தி பாற்குழாய்களை அறுக்க வேண்டும், அப்படையைத் தொடலாகாது. இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்! மழுங்கிய கத்தி பட்டையைக் கிழிக்கும், கை அழுத்தும், அழுத்தினால் ஆழம் தவறும்.

அந்த அம்மாள் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சீவிச் சென்றார். சீவல் ஒரு நாணயத்தின் கனம்கூட இல்லை. பால் கோடாய் எழுந்து சிரட்டையை நோக்கி வழிந்தது.

ஒரு மரத்தில் மட்டும் பட்டை முண்டும் முடிச்சுமாய் இருந்தது. ஏனென்று கேட்டோம்.

"நான் வேலைக்கு வந்த புதுசுல பட்ட காயம், சேர். மறுபக்கம் வெட்டி முடிச்சு இங்க திரும்பி வந்தப்பதான் தெரிஞ்சது. இனி இதுல கத்தி ஓடாது."

ஒரு பக்கத்துப் பட்டை தீர 5, 6 ஆண்டுகள் செல்லும். ஒரு காலை நேரத்துப் பிழை அத்தனை காலம் மறைந்திருந்து வெளிப்பட்டிருக்கிறது. பையன் அம்முடிச்சை விரலால் தடவிப் பார்த்தபடியே நின்றான். இதற்குமுன் அதனை அவன் அறிந்திருக்கவில்லை போலும்.

மரங்கள் முடிந்ததும் அம்மாள் கல்லில் நீர் தெளித்துக் கத்தியைத் தீட்டினார். பல்லாண்டுத் தீட்டலில் அலகு தேய்ந்து பாதியாகியிருந்தது. பிறகு அதனைக் கிழக்கு வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.