பாரிஸில் சில மாதங்கள்

பாரிஸில் நீண்ட நாள் தங்கும் திட்டம் விசாவில் தொடங்குகிறது. ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாள்களிலும் மொத்தம் 90 நாள்களே தங்க முடியும். அதற்கு மேல் தங்க, பிரான்ஸின் நீண்ட கால விசா வேண்டும். வசிப்பு அனுமதியாகவும் செல்லுபடியாகும் விசாவை, வந்த 3 மாதங்களுக்குள் இணையத்தில் பதிவுசெய்தாக வேண்டும்.

அடுத்தது வீடு. நகரின் 20 வட்டாரங்கள் லூவர் அருங்காட்சியகப் பகுதியில் தொடங்கி, நத்தை ஓடுபோலச் சுழன்று விரிகின்றன. மாணவர்களுக்கும் தற்காலிகப் பணிக்கு வருவோருக்கும் 1 முதல் 10 மாதம் வரையிலான தனி வாடகை ஒப்பந்தம் உண்டு. அதில் வீட்டுச் சாமான்கள் இருக்கும். அட்வான்ஸ் வாங்கக் கூடாது.

நவிகோ மாதப் பயண அட்டை 1ஆம் தேதி முதல் மாதக் கடைசிவரை செல்லும். வார அட்டைக்குக் கணக்கு திங்கள் முதல் ஞாயிறு வரை. அதனால் மாத நடுவில் வந்து இறங்குபவருக்கு வார அட்டையே லாபம்.

ஆகஸ்டில் தெருவோர பேக்கரிகள் பலவும் விடுமுறைக்கு மூடிவிடும். அந்நகரின் அன்றாட வாழ்வை அனுபவிக்க விரும்புவோர் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

சமையலுக்குக் கவலையில்லை. 12ஆம் வட்டாரத்தின் அலிக்ர் சந்தையில் காய்கறியும் பழமும் குவிந்திருக்கும். திங்களன்று மட்டும் விடுமுறை. வடக்கு ரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேலில், ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும்கூடக் கிடைக்கும்.