உங்களுக்குத் தெரியுமா? மாரடைப்பு தாடையிலும் வலிக்கும்!

● பெண்களுக்கும் மாரடைப்பின் முக்கிய அறிகுறி நெஞ்சுவலிதான். ஆனால் அதனுடனோ, சிலருக்கு அது இல்லாமலோ தாடை, கழுத்து, முதுகில் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணம் தெரியாத அசதி வரலாம். ‘வாயுப் பிடிப்பு’ என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது.

● அந்தமானில் தாமதம் இன்னும் ஆபத்து. தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் இருப்பது ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர்). கிரேட் நிகோபாரின் கேம்பெல் பேயிலிருந்து அது 500 கி.மீ.க்கும் அதிக தூரம். அவசர நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருக்கும். எனவே அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் உடனே இ.சி.ஜி. எடுப்பதே முதல் வேலை.

● பிழைத்து வந்த பின், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. அவர் அனுமதித்ததும் மெல்ல நடக்கத் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை கூட்டலாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இதயத்துக்குக் கேடுதான்.

அறிகுறி தெரிந்தால், அடுப்பு வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். உடனே 112-ஐ அழையுங்கள்!