உங்களுக்குத் தெரியுமா? மாரியோவுக்கு மீசை முளைத்த கதை

சினிமா, காமிக்ஸ், வீடியோ கேம் மூன்றும் கலந்த கதம்பம் இது. நார் மட்டும் ஒன்றுதான்: காசில்லை, கருவியில்லை, நேரமில்லை என்று கையைப் பிசைந்த இடத்தில் பிறந்து, பிறகு அதுவே அடையாளமாகிப்போன சங்கதிகள்.

● மாரியோவின் தடித்த மீசைக்கு அழகுணர்ச்சி காரணமில்லை. 1981-இல் நின்டெண்டோவின் ‘டாங்கி காங்’ விளையாட்டுக்காக ஷிகெரு மியாமோட்டோ அந்த உருவத்தை வரைந்தபோது, அவருக்குக் கிடைத்த இடம் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகள். அதற்குள் வாய் வரைந்தால் வாயென்று யாருக்கும் தெரியாது. மீசை வைத்தால் மூக்கு எடுப்பாகத் தெரியும், வாய் வரையும் தொல்லையும் விட்டது. குதிக்கும்போது தலைமுடி பறப்பதைக் காட்ட வழியில்லை. ஒரு தொப்பியைக் கவிழ்த்தார். சட்டையும் பேன்ட்டும் ஒரே நிறமாக இருந்தால் கை வீசுவது கண்ணில் படாது. தோளில் பட்டை வைத்த பேன்ட்டை வேறு நிறத்தில் மாட்டிவிட்டார். அப்போது அந்த ஆள் பிளம்பர்கூட இல்லை, தச்சன். பெயர் ஜம்ப்மேன். மாரியோ என்ற பெயர், அமெரிக்காவில் நின்டெண்டோவுக்குக் கிடங்கை வாடகைக்கு விட்டிருந்த மாரியோ செகாலியிடமிருந்து வந்தது. அவர் வாடகை பாக்கி கேட்டு வந்து சத்தம் போட்ட அன்றுதான் பெயர் வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல.

● 1985-இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு மொத்தமும் 40 கிலோபைட். இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்த ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூ அதைவிடப் பெரிதாக இருக்கும். எப்படி அடக்கினார்கள்? ஒரு தந்திரத்தை நீங்களே பார்க்கலாம். அதில் வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை, அவ்வளவுதான்.

● ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆடியவர்களுக்கு அந்தப் பதற்றம் நினைவிருக்கும். வேற்றுக்கிரகவாசிகள் வரிசையாக இறங்கி வருவார்கள். சுடச்சுட, மிஞ்சியவர்களின் வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசி ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக இதை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோவின் இயந்திரம் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்தும் அளவுக்குத் திராணியுள்ளதல்ல. ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொருவர் என்று மொத்தம் 55 பேர். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் அது நகர்த்தும். எல்லாரையும் ஒரு சுற்று நகர்த்தி முடிக்கவே ஒரு விநாடி போய்விடும். ஆட்கள் குறையக் குறைய வேலை குறைந்து, சுற்று சீக்கிரம் முடியும். திரையில் வேகமாகத் தெரிவது அதனால்தான். நிஷிகாடோ இதைக் கவனித்தார், திருத்தாமல் விட்டார். ஆடுகிறவன் நன்றாக ஆட ஆட ஆட்டம் கடினமாகும் என்ற, இன்றைக்குப் பாடமாகவே சொல்லித்தரப்படும் உத்தி இப்படி இயந்திரத்தின் மூச்சுத்திணறலில் பிறந்தது. இன்னொன்று: அந்த ஆரம்பகால இயந்திரங்களின் திரை கறுப்பு வெள்ளை. பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தது, கண்ணாடி மேல் ஒட்டிய வண்ண செலோபேன் தாள். சுடப்படுகிறவர்கள் வேற்றுக்கிரகவாசிகளாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மனிதர்களைச் சுடும் ஆட்டம் வேண்டாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

● ‘பேக்-மேன்’ ஆட்டத்துக்கு முடிவே இல்லை என்று நினைத்துத்தான் டோரு இவாடானி 1980-இல் அதை உருவாக்கினார். முடிவு தானாக வந்து சேர்ந்தது. எத்தனையாவது கட்டம் என்பதைக் குறித்துக்கொள்ள இயந்திரத்தில் ஒதுக்கியிருந்த இடம் 255 வரைதான் தாங்கும். 256-ஆவது கட்டத்துக்குப் போனால் கணக்கு குழம்பி, திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் கிறுக்கலுமாகிவிடும். அதைத் தாண்டிப் போக முடியாது. அதனால்தான் ஒரு பிழையும் இல்லாமல் ஆடினால் எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி 33,33,360 என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

● இதே மாதிரியான கணக்குக் குழப்பம் ஒன்று காந்தியின் தலையில் விழுந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். 1991-இல் வந்த ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் ஒவ்வொரு நாட்டுத் தலைவருக்கும் சண்டைக்குணத்துக்கு ஒரு மதிப்பெண். காந்திக்கு ஒன்று. இந்தியா ஜனநாயகத்துக்கு மாறியதும் அதிலிருந்து இரண்டு கழியும். பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாத கணினி அதை 255 ஆக்கிவிடும். உடனே காந்தி அணுகுண்டைத் தூக்கிக்கொண்டு உலகத்தை அழிக்கக் கிளம்பிவிடுவார். கேட்க எவ்வளவு ஜோராக இருக்கிறது! கல்லூரி வகுப்புகளில்கூட உதாரணமாகச் சொன்னார்கள். சங்கதி என்னவென்றால், அது சுத்தக் கட்டுக்கதை. விளையாட்டை உருவாக்கிய சிட் மெய்யரே 2020-இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். அந்த ஆட்டத்தில் அணு ஆயுதம் கையில் கிடைத்தால் எல்லாத் தலைவர்களும் மிரட்டத்தான் செய்வார்கள். மற்றவர்கள் மிரட்டியது யார் மனதிலும் நிற்கவில்லை. காந்தி மிரட்டியது நின்றுவிட்டது. 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மட்டும், அணு ஆயுத ஆசையை காந்திக்கு வேண்டுமென்றே எக்கச்சக்கமாக ஏற்றி வைத்தார்கள், வேடிக்கைக்காக. ‘இயந்திரக் கோளாறில் பிறந்த அற்புதம்’ என்று யாராவது ஆரம்பித்தால் கொஞ்சம் நிதானிப்பது நல்லது. இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

● ‘டெட்ரிஸ்’ முதலில் ஓடிய கணினியில் படம் வரையவே முடியாது. 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், எலெக்ட்ரோனிகா 60 என்ற இயந்திரத்தில் அதை எழுதினார். கட்டங்களுக்குப் பதிலாக அடைப்புக்குறிகள் மேலிருந்து விழுந்தன. 1989-இல் நின்டெண்டோவின் ‘கேம் பாய்’ கருவியோடு சேர்ந்து அது உலகம் முழுக்கப் போனது. பஜித்னோவுக்கு உரிமத்தொகை வரத் தொடங்கியது 1996-இல்தான். அதுவரை உரிமை அரசாங்கத்திடம்.

● ‘சைலன்ட் ஹில்’ (1999) விளையாட்டில் ஊரையே மூடிக் கிடக்கும் அந்தப் பனிமூட்டம்? தூரத்துக் கட்டடங்களை வரைய பிளேஸ்டேஷனுக்குத் தெம்பில்லை. பனியைப் போட்டு மறைத்தார்கள். ‘ரெசிடென்ட் ஈவில்’ (1996) விளையாட்டில் ஒவ்வொரு கதவும் ஆமை வேகத்தில் திறக்குமே, அது அடுத்த அறையைக் குறுந்தகட்டிலிருந்து எடுத்துவரும் நேரம். இரண்டும் திகிலைக் கூட்டுவதற்கென்றே செய்ததாகத்தான் ஆடியவர்கள் நினைத்தார்கள்.

● காட்ஸில்லா ரப்பர் உடுப்புக்குள் நடந்ததும் வேறு வழியில்லாமல்தான். தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த எய்ஜி ட்சுபுராயாவுக்கு 1933-இல் வந்த ‘கிங் காங்’ மேல் பெரும் மோகம். அதைப்போலவே பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்க ஆசைப்பட்டார். அப்படி எடுத்தால் ஏழு வருடம் ஆகும் என்று கணக்குப் பார்த்ததும் ஆசையை மூட்டை கட்டிவிட்டு, ஓர் ஆளை உடுப்புக்குள் இறக்கிவிட்டார். அந்த ஆள் ஹருவோ நகாஜிமா. உடுப்பின் எடை 100 கிலோ அளவுக்கு இருந்தது. விளக்குச் சூட்டில் அதைச் சுமந்துகொண்டு சின்னச் சின்ன டோக்கியோ கட்டடங்களை மிதித்து நொறுக்கினார். கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டி எடுத்ததால் திரையில் அசைவு மெதுவாகி, உடம்புக்கு மலை கனம் வந்தது. 1954-இல் வெளியான அந்தப் படத்தின் உறுமலுக்கும் எந்த மிருகமும் வாய் திறக்கவில்லை. எத்தனையோ மிருகங்களின் குரலை முயன்று பார்த்து, எதுவும் பொருந்தாமல், கடைசியில் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, குங்கிலியம் தடவிய தோல் கையுறையால் இழுத்தார். அந்தக் கர்ணகடூரத்தை மெதுவாக ஓட்டியதுதான் காட்ஸில்லாவின் குரல். இன்றைய கணினி வரைகலை காட்ஸில்லாக்கள் எத்தனை வந்தாலும், பழைய படத்தில் அது நடந்து வரும் பாரம் வேறு என்பது என் கட்சி.

● ‘ஜாஸ்’ (1975) படத்தின் இயந்திரச் சுறாவுக்குப் படக்குழு வைத்த பெயர் புரூஸ், இயக்குநர் ஸ்பீல்பெர்க்கின் வக்கீல் பெயர். கடலில் இறக்கியதும் உப்புநீர் ஏறிப் படுத்துவிட்டது. சுறா இல்லாமல் சுறாப் படம் எடுக்க வேண்டிய கட்டாயம். மிதக்கும் பீப்பாய்களும் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்களும் சுறாவாயின. அது ஒழுங்காக முகம் காட்டவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது.

● வேகமாக இன்னும் மூன்று. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் ஆட்கள் மினுமினுத்து மறைந்து வேறு கிரகத்தில் தோன்றுவார்கள்; வாரா வாரம் விண்கலம் தரையிறங்குவதைக் காட்டப் பணம் இல்லை. மான்டி பைத்தன் நகைச்சுவைக் குழுவின் 1975 படத்தில் மன்னர் ஆர்தர் குதிரையே இல்லாமல் துள்ளி வருவார், குளம்படிச் சத்தத்துக்குப் பின்னால் வரும் பணியாள் தேங்காய்த் தொட்டிகளைத் தட்டுவார். குதிரைக்குப் பணம் இல்லை. முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தில், வாள் சுழற்றுபவனோடு நீண்ட சண்டை போட வேண்டிய ஹாரிசன் ஃபோர்டு துப்பாக்கியை எடுத்து ஒரே சூட்டில் முடித்துவிடுவார்; துனீசியா படப்பிடிப்பில் அவருக்கு வயிற்றுக்கடுப்பு.

● நம் பக்கம் வருவோம். முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931) பம்பாயில் எடுக்கப்பட்டது, ஒலிப்பதிவுக்கு வசதியான ஸ்டூடியோ சென்னையில் இல்லாததால். இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வுக்குப் போட்ட அரங்கங்களே இதற்கும் உதவின. நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். காளிதாசன் கதைக்கு நடுவே தியாகராஜ கீர்த்தனையும் காந்தியின் ராட்டைப் பாட்டும் வந்தன. படம் பேசுகிறதே என்ற வியப்பில் இருந்த ஜனங்கள் எந்த மொழி என்றெல்லாம் கணக்குப் பார்க்கவில்லை.

● அந்த நாட்களில் பாட்டை நடிகர்களே கேமரா முன் நின்று பாட வேண்டும். நந்தவனக் காட்சியென்றால் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பார்கள். நடிக்கத் தெரிந்தும் பாட வராதவர்கள் பாடு திண்டாட்டம். ‘நந்தகுமார்’ (1938) படத்தில் தயாரிப்பாளர் மெய்யப்பச் செட்டியார் இதற்கு ஒரு வழி கண்டார். லலிதா வெங்கட்ராமன் பாட, திரையில் வேறொருவர் வாயசைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கே தொடங்கியது.

● இரண்டாம் உலகப் போர் வந்து ஃபிலிம் சுருளுக்குப் பஞ்சம். படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு உத்தரவு. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்டு, பாட்டாகக் கொட்டிய புராணப் படங்களின் காலம் அது. கத்தரி முதலில் பாட்டுகள் மேலேதான் விழுந்தது. தமிழ்ப் படத்தைச் சுருக்கெழுத்தில் பேச வைத்த பெருமையில் ஒரு பங்கு அந்த உத்தரவுக்கும் உண்டு என்பேன்.

● சரி, இரும்புக்கை மாயாவி? 1962-இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் ‘ஸ்டீல் கிளா’ என்று தொடங்கிய தொடர். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின் ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் நாயகன் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். ஓவியருக்குப் பாதி உருவம் மிச்சம் என்று கிண்டலாகத் தோன்றும். பிளாஸ்கோவின் நிழல்களைப் பார்த்தால் கிண்டல் அடங்கிவிடும். 1972-இல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் நாயகன் இந்த மாயாவிதான். மாதாமாதம் ஆள் வைத்து வரைய வைக்கும் செலவைவிட, வரைந்து முடித்த பக்கங்களின் உரிமையை வாங்கித் தமிழ்ப்படுத்துவது கட்டுப்படியாகும். லண்டன் நாயகர்கள் விருதுநகர் மாவட்டத்து அச்சகங்கள் வழியாகத் தமிழ்ப் பையன்களின் தலையணைக்கடியில் புகுந்ததற்கு இந்த எளிய வியாபாரக் கணக்கே காரணம் என்று தோன்றுகிறது.

● ஹல்க் பிறக்கும்போது சாம்பல் நிறம். 1962 மே மாத முதல் இதழில் அந்தச் சாம்பல் ஒரு பக்கத்தில் வெளிறியும் ஒரு பக்கத்தில் கறுத்தும் அச்சானது. வெறுத்துப்போன கதாசிரியர் ஸ்டான் லீ இரண்டாம் இதழிலேயே பச்சையாக்கிவிட்டார். காரணம் விஷக்கதிரும் இல்லை, கோபமும் இல்லை. அச்சு மை.

● சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-இல் அவனுடைய முழு உரிமையையும் 130 டாலருக்கு விற்றார்கள். வேறு படவேலைகளுக்கான கூலியையும் சேர்த்து 412 டாலருக்கு ஒரே காசோலை. அந்தக் காசோலைத் தாள் 2012-இல் ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போனது.